மூடிய கதவின் உட்பொருள்

அழைப்பு மணி இரண்டாம் முறை அடித்தது. கூடத்திலிருந்த பெண்கள் காபி உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு லுவெல்லாவைப் பார்த்தார்கள்.

"திறக்காதீங்க, திருமதி கிளாரன்ஸ். அவளே போயிடுவா. நீங்க மேல படிங்க," என்றாள் தலைவி திருமதி ஹோரேஸ்.

அமெரிக்காவின் தெற்கே, ஜார்ஜியாவின் அந்தச் சிற்றூரில் பெண்கள் வாசகர் வட்டம் வீட்டுக்கு வீடு மாறிக் கூடும். இம்முறை பல் டாக்டர் கிளாரன்ஸின் மனைவி லுவெல்லாவின் வீடு. வட்டத்தில் பெண்களுக்குப் புருஷன் பெயர்தான் பெயர். வாசலில் நிற்கும் மேபெல், தன்னை அடித்துக்கொண்டிருந்த புருஷனைப் போன மாதம் விவாகரத்து செய்துவிட்டாள். அவன் பெயர் போனது. கூடவே அவள் நாற்காலியும் போனது. இனி வராதே என்று சொல்லும் புண்ணிய காரியம், உயிர்த்தோழி என்பதால், லுவெல்லா தலையில் விழுந்திருந்தது. பாவம், அவளுக்குச் சொல்ல நா எழவில்லை.

அன்று எடுத்துக்கொண்டது பழைய நாவல் ஒன்று. கெட்ட பெயர் வாங்கிய ஒருத்தி பனியில் ஊரெல்லாம் கதவைத் தட்டி, யாரும் திறக்காமல் செத்துப்போகிறாள். லுவெல்லா அதைப் பற்றிய தன் கட்டுரையைத் தொடர்ந்து வாசித்தாள்.

"அது மரக்கதவு இல்லீங்க, ஊரோட மனசு!" என்று மூக்கைச் சிந்தினாள் ஒருத்தி.

"திரையை விலக்கி எட்டிப் பாத்துட்டு மூடிக்கிறாளே பாதிரியார் பொண்டாட்டி, அவதான் கல்நெஞ்சக்காரி," என்றாள் திருமதி எவரெட். அவளும் பாதிரியார் மனைவிதான். சொல்லிக்கொண்டே ஜன்னல் திரையை விலக்கி, "இன்னும் போகல," என்று மெதுவாகச் செய்தி சொன்னாள்.

லுவெல்லாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. கட்டுரையை வைத்துவிட்டு நேரே போய்க் கதவைத் திறந்தாள்.

"மணி கேக்கலையாடி?" என்றாள் மேபெல், கையில் தான் சுட்ட எலுமிச்சைப் பலகாரத்துடன்.

"கேட்டுச்சு. எல்லாருக்கும் கேட்டுச்சு. உள்ள வா."

தலைவி எழுந்தாள். "இவளை நாங்க என்னன்னு கூப்பிடறது? சொல்ல ஒரு ஆம்பள பேரு இல்லியே."

"மேபெல்னு கூப்பிடுங்க. என்னையும் இனிமே லுவெல்லான்னே கூப்பிடுங்க. எங்கம்மா வெச்ச பேரு சும்மாதானே கெடக்கு."

மற்றவர்களும் எழுந்தார்கள். கையுறைகளை மாட்டிக்கொண்டார்கள். முன்வாசலில் மேபெல் நின்றதால், கறுப்பு வேலைக்காரிகளுக்கென்று விட்டிருந்த அடுக்களை வாசல் வழியாக, வாழ்நாளில் முதல் தடவையாக, வரிசையாக வெளியேறினார்கள்.

படியிறங்கும்போது திருமதி எவரெட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த மாசம் வேற கதையா எடுப்போம். அந்தப் பொண்ணு பனியில நின்னதை நெனச்சா எனக்கு ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது."