பாலத்தடி இருநூறு அடி

நேசமலர் மூன்று கடிதங்களையும் கவுன்டர் மேல் வரிசையாகப் பரப்பி, மூன்றாவதின் அடியிலிருந்த கையெழுத்தில் விரலை வைத்தாள்.

"இது நீங்கள்தானே, தம்பி?"

ராமசுப்ரமணியன் மறுக்க வழியில்லை. நியூ ஜெர்சியில் மாவட்டத்தைக் கவுண்டி என்பார்கள்; அந்தக் கவுண்டி சாலைப் பிரிவில் அவ்வளவு நீளமான பெயருள்ள இன்ஜினியர் அவன் ஒருவன்தான். சேர்ந்து ஏழு வருடமாகிறது. 'எங்கள் பொறுப்பில் வராது' என்பதை எத்தனை விதமாக மரியாதையோடு எழுதலாமோ அத்தனையும் இந்த 1996க்குள் அவனுக்குக் கைவந்திருந்தது.

நேசமலரின் கணவர் அல்பிரட் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடந்தே வருவது வழக்கம். வழியில் ரயில் பாலத்தடியில் ரோடு குறுகிவிடும். இரண்டு பக்கமும் கல்சுவர், இருநூறு அடிக்கு ஒதுங்க ஓரமே கிடையாது. ஜனவரியில் ஒரு வேன் அவரைச் சுவரோடு வைத்துத் தேய்த்துவிட்டுப் போயிற்று. இடுப்பெலும்பு மூன்று துண்டு. மார்ச் வந்தும் கட்டிலை விட்டு எழுந்தபாடில்லை.

"டவுன்ஷிப் நகரசபைக்காரர் இது கவுண்டி ரோடு எண்டினம். மாநிலத்துக்காரர் உள்ளூர் விசயம் எண்டினம். நீங்கள் மாநிலத்தைக் கேக்கச் சொல்லி எழுதியிருக்கிறியள். ஆற்றை ரோடு, ஆர் பொறுப்பு எண்டு மட்டும் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

"ரோடு எங்களோடதுதான் மேடம். மெயின்டெனன்ஸ் நாங்க பண்றோம். ஆனா அகலப்படுத்தணும்னா முதல்ல ஒரு ஸ்டடி பண்ணணும், அப்புறம் டிசைன். அந்த ப்ளானிங்குக்கு ஃபண்ட் ஸ்டேட்லேர்ந்து வரணும். ஸ்டடி இருந்தாத்தான் ஃபண்டுக்கு அப்ளை பண்ண முடியும்."

"அந்த ஸ்டடி செய்ய?"

"அதுக்கு ஃபண்ட் வேணும்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ர மனுசன் ஷெல்லடிக்குள்ளால தப்பி வந்தவர், தம்பி. இங்க ஒரு சுவருக்கும் வான் வண்டிக்கும் நடுவில நசிஞ்சு போய்க் கிடக்கிறார். உங்களுக்கு இதைச் சொல்ல வெக்கமா இல்லையோ?"

வெட்கமாகத்தான் இருந்தது. அவள் நினைத்ததைவிடப் பெரிய வெட்கம். 1993ல் அவனே அந்த இடத்தை அளந்து, படம் போட்டு, நடைபாதை இல்லாவிட்டால் உயிர்ச்சேதம் நிச்சயம் என்று ஆறு பக்க அறிக்கை எழுதியிருந்தான். மேலதிகாரி வரி விடாமல் படித்தார், பாராட்டவும் செய்தார். இதை அனுப்பினால் ப்ளானிங் செலவு நம் தலையில் விழும் என்று சொல்லி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவனும் வாயைத் திறக்கவில்லை. கிரீன் கார்டு விண்ணப்பம் அப்போது பாதியில் நின்றது. கார்டு கைக்கு வந்து ஒன்றரை வருடமாகியும் வாய் மட்டும் திறக்கவில்லை. போன வாரம், ஒரு மனிதன் அடிபட்டு விழுந்த பிறகும், அதே இடத்துக்கு 'எங்கள் பொறுப்பில் வராது' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

தமிழில் சொல்லியிருந்தால் அங்கே வேறு யாருக்கும் புரிந்திராது. அவன் எழுந்து நின்று, பின்னால் மேஜைகளில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னான். அந்த இடத்துக்கு ஓர் அறிக்கை இருக்கிறது, எழுதியவன் நான், அது பொது ஆவணம், எழுதிக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். பிறகு ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினான்.

"எழுதுங்க அக்கா. இப்பவே."

அடுத்த வாரம் கவுண்டி நடத்திய பொதுக்கூட்டத்தில் நேசமலருக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். அவள் அழவில்லை. அறிக்கையின் தேதியை இரண்டு தடவை படித்தாள். 'உயிர்ச்சேதம் நிச்சயம்' என்ற வரியை இன்னும் மெதுவாகப் படித்தாள். எழுதியது யார் என்று கேட்டபோது ராமசுப்ரமணியன் எழுந்தான். மேலதிகாரி தன் பேனா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத் தலைவர் இருவருக்கும் நன்றி சொன்னார். டவுன்ஷிப், கவுண்டி, மாநிலம் மூன்றும் சேர்ந்து, திட்டமிடும் செலவு யாருடையது என்று ஆராய ஒரு குழு. அறிக்கை தர ஒரு வருடம். ரோட்டைப் பற்றி அல்ல, செலவு யாருடையது என்பதைப் பற்றி! கைதட்டல்கூட இருந்தது.

மறுநாள் அவனை டிசைன் பிரிவிலிருந்து எடுத்து அனுமதிச் சீட்டு எழுதும் பெர்மிட் கவுன்டருக்கு மாற்றினார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை அவன் காரில் வீடு திரும்புகையில் பாலத்துக்கு முன்னால் ஒரு கார் திடீரென்று விலகி, வேறு தெருவில் திரும்பிப் போனது. அது மறைத்திருந்த இடத்தில், வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் சீருடைமேல் கோட்டு போட்டுக்கொண்டு நேசமலர் நடந்துகொண்டிருந்தாள். சுவரை ஒட்டி அல்ல, லேனின் நட்டநடுவில்.

இப்போது அவளுக்கு நேர் பின்னால் அவன் கார்தான். அவனுக்குப் பின்னால் ஹார்ன்கள் தொடங்கின. எவனோ தலையை நீட்டிக் கெட்ட வார்த்தையில் கத்தினான். ராமசுப்ரமணியன் அபாய விளக்குகளைப் போட்டான், காரை இன்னும் நடுவுக்குக் கொண்டுவந்தான், பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் அவள் நடைவேகத்திலேயே ஊர்ந்தான்.

அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. வேகத்தைக் கூட்டவும் இல்லை. மேலே ரயில் தடதடத்துப் போயிற்று. மஞ்சள் வெளிச்சம் இரண்டு பக்கக் கல்சுவரிலும் விட்டு விட்டு அடிக்க, அவள் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தாள். பின்னால் வண்டிகள் ஸ்டேஷன் வரைக்கும் நின்றன.