லாபம், ரெண்டு, மூணு

நான் சத்தம் போடுகிற ஆள். கடத்தூரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பால் தாமதமானால் கத்துவேன், கரண்ட் போனால் கத்துவேன். அப்படிப்பட்டவன் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் பேண்டில் நாலு பேர். என் மனைவி நிர்மலா பாடுவாள். அவள் தம்பி சந்திரமோகன் தாளம். என் சிநேகிதன் குரு கிதார். பின்பாட்டும் மிக்ஸிங்கும் நான். கல்யாண மண்டபங்களில் அடுத்தவர் பாட்டைப் பாடிச் சலித்துப்போய், சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டினோம். அதை வீட்டிலேயே பதிவு செய்வதென்று முடிவு. ஒரு மைக், ஒரு லேப்டாப், யூடியூப் பார்த்துக் கற்ற அரைகுறை வித்தை.

வீட்டில் எதிரொலிக்காத இடம், கேழ்வரகு மூட்டை அடுக்கும் அறைதான். ஜன்னல் கிடையாது, சுற்றிலும் மூட்டைச் சுவர். மூலையில் ஓர் இரும்புப் படி, எப்போதும் தலைதட்டக் கேழ்வரகோடு நிற்கும். அளக்கிற படியைக் காலியாக வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். எனக்குத் தெரியாததா என்ன? ஆனால் சந்திரமோகன் மரப்பெட்டியில் தட்டிய தாளம் மந்தமாக விழுந்தது. எரிச்சலில் அந்தப் படியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்தேன். ணங்கென்று வந்தது.

"இதுதான்டா நாம தேடுன சத்தம்!" என்று அவன் கையில் கொடுத்தேன்.

அவன் வாசித்து முடித்ததும் ஹெட்போனில் கேட்டேன். முதல் தட்டுக்கு முன்னால் ஒரு குரல். ஆணா பெண்ணா தெரியவில்லை.

"லாபம்."

தானியம் அளக்கும்போது முதல் படியை நாங்கள் ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்போம். அடுத்ததுதான் ரெண்டு, மூணு.

"ஏன்டா, ஆரம்பிக்கும்போதே கிண்டலா? இது என்ன மண்டியா?"

"நான் வாயே தொறக்கல மாமா."

குரு வாசித்தான். கிதாருக்கு முன்னால், "ரெண்டு." நிர்மலா பாடினாள். அன்றைக்குப் பாடியதுபோல் அவள் என்றுமே பாடியதில்லை. அதற்கும் முன்னால், மைக்கில் உதடு வைத்துச் சொன்ன மாதிரி, "மூணு." பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும் என்று மூன்றையும் வெட்டி எறிந்தேன்.

மறுநாள் காலை நிர்மலா என்னை உலுக்கி எழுப்பினாள். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. தொண்டை கட்டினால் காற்றாவது வருமே, அதுவும் இல்லை. குரு போன் செய்தான், இடதுகை விரல் மடங்கவில்லையாம். சந்திரமோகனுக்கு இரண்டு உள்ளங்கையும் மரத்துவிட்டன. தருமபுரியில் டாக்டர் நிர்மலாவின் தொண்டையை டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் செல்போனில் எழுதிக் காட்டினாள்: 'இனிமே பாடவே முடியாதா?'

வீட்டுக்கு வந்து, அவள் குரலையாவது கேட்கலாம் என்று ஹெட்போனை மாட்டினேன். வெட்டி எறிந்த மூன்றும் அதனதன் இடத்தில் திரும்ப வந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால், படியின் தலையைக் கையால் வழிக்கிற சர்ரென்ற ஒலி. அப்போதுதான் உறைத்தது. காலிப் படியைத் தட்டிக் கூப்பிட்டிருக்கிறோம். கேழ்வரகு இல்லாததால் எங்களை அளந்துகொண்டது.

எடுத்தது மூன்று என்றால் திருப்பிப் போட வேண்டியதும் மூன்று. உச்சி வெயில் வேளையில் கதவைத் திறந்து உள்ளே போனேன். படியில் அள்ளி மூலையில் கொட்டத் தயாரானபோது மைக் கண்ணில் பட்டது. கேழ்வரகு கொட்டுகிற சத்தம் பாட்டின் தொடக்கத்துக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கும்! கை தானாகப் போய் ரெக்கார்டை அழுத்தியது. புத்தி கெட்டவன் நான்.

"லாபம்!" என்று உரக்கச் சொல்லிக் கொட்டினேன். "ரெண்டு! மூணு!" பிறகு படியைத் தலைதட்ட நிரப்பி வைத்தேன்.

"ஏங்க, பால் பொங்கி வழியுது, அங்க என்ன பண்றீங்க?"

சமையலறையிலிருந்து நிர்மலாதான். சொன்னதும் அவளே அதிர்ந்து, "ஏங்க! பேசறேங்க!" என்று கூவினாள். மூட்டைமேல் சாய்ந்து அழுதேன். குருவின் செய்தி வந்தது: 'விரல் மடங்குதுடா. சந்திரமோகன் கைக்கும் உணர்ச்சி வந்துடுச்சாம்.'

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதிவானதைக் கேட்டேன். கேழ்வரகு மூன்று தடவை கொட்டியது. அவ்வளவு உரக்க எண்ணிய என் குரலைக் காணோம். கடைசியில், காதுக்குள்ளேயே யாரோ நிதானமாகச் சொன்னார்கள்.

"நாலு."

நிர்மலா என்று கத்தினேன். கத்தியது எனக்கே கேட்கவில்லை.

நாலாவது படியை அளந்து கொட்டினால் என் குரலும் வந்துவிடலாம். ஆனால் அளக்கிறவர் வாயால் எண்ணிச் சொல்ல வேண்டும். என்னால் முடியாது. ஒரு மாதமாக நிர்மலா என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறாள்.

"நான் எண்ணறேங்க. ஒரே ஒரு படிதான? சாவியக் குடுங்க."

தலையை ஆட்டி மறுக்கிறேன். அந்த அறைக்குள் அவள் வாய் திறக்கக் கூடாது. சாவி என் அரைஞாண் கயிற்றில் இருக்கிறது. அவள் கோபித்துக்கொண்டு சமையலறைக்குப் போகிறாள், போனவள் கொஞ்ச நேரத்தில் தன்னை மறந்து பாட ஆரம்பிக்கிறாள். எங்கள் பாட்டுத்தான். பின்பாட்டு வருகிற இடத்தில் மட்டும் நிறுத்தி, எனக்காகக் காத்திருந்துவிட்டு, அடுத்த வரிக்குப் போகிறாள்.