முதல் அச்சு மட்டும் கேட்ட காது

ஸ்தனிஸ்லாஸ் காலை ஐந்தரைக்கு எழுவான். பல் விளக்கிவிட்டுக் குழாயடியில் இரண்டு குடம் தண்ணீர் பிடித்து வருவான். ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காப்பி கலப்பான், பாதி குடிப்பான், மீதியை மூடி வைப்பான். சட்டை போட்டுக்கொண்டு, பெட்டியிலிருந்து ஓர் இசைத்தட்டை எடுத்துச் சுழலவிட்டு முள்ளை வைப்பான். அது முதல் அச்சாக இருந்தால் பாட்டு கேட்கும். மறு அச்சாக இருந்தால் முள் ஓடுவது கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். பால்காரரின் மணியோ குழாயடிச் சண்டையோ ஜங்ஷனில் என்ஜின் ஊதுவதோ கேட்காது. வருடத்தின் முதல் மழை கேட்கும், இரண்டாவது மழை கேட்காது. மனைவி விமலாராணி இறந்த 1964 ஆகஸ்டிலிருந்து அவன் காது இப்படி இருந்தது. புதுச்சேரி டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு எல்லா நோயாளிகளுக்கும் சொல்வதைச் சொன்னார். அது அவனுக்குக் கேட்கவில்லை.

விருத்தாசலத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பீங்கான் ஊர். புது அச்சில் வார்த்த கோப்பையில் ரோஜாவின் இதழ் விரலைக் கீறுகிற மாதிரி நிற்கும். அச்சு தேயத் தேய இதழ் மழுங்கி, கடைசியில் ரோஜா முட்டைக்கோசாகிவிடும். இசைத்தட்டும் அப்படித்தான் என்றதும் ஊருக்குப் புரிந்துவிட்டது. தட்டிப் பார்க்காமல் ஒரு கிண்ணம்கூட வாங்காத ஜனங்கள் அவர்கள். பீங்கான் பட்டறையில் விமலாராணியின் வேலையே அதுதான். சூளையிலிருந்து வரும் கோப்பைகளைக் குச்சியால் தட்டி, சத்தத்தை வைத்து நல்லது, ரெண்டாந்தரம், கழிவு ஓடு என்று பிரித்துப் போடுவாள். பி.ஏ. படித்த ஸ்தனிஸ்லாஸ் பழைய இசைத்தட்டு வாங்கி விற்றான். வீட்டில் இருவருமே தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புதுச்சேரியில் பிரான்சுக்குக் கிளம்பும் ஒரு குடும்பம் இசைத்தட்டுகளை விற்பதாகத் தகவல் வந்த நாளில்தான் அவள் இறந்தாள். முதல் பஸ்ஸைப் பிடிக்க அவன் வேலிப் படலைக்கூடச் சாத்தாமல் ஓடினான். முதுகுக்குப் பின்னால் விமலாராணி ஏதோ சொன்னாள். நின்று கேட்க நேரமில்லை என்று நினைத்தான். பஸ் வரத் தாமதமானது. நிறுத்தத்தில் வெறுமனே நின்றுகொண்டிருந்தான். அவள் பல்வலிக்குக் கன்னத்தில் கிராம்பை அடக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். கேட்டவர்களுக்குத் தலையை ஆட்டியதோடு சரி. மதியம் குச்சியைக் கையில் எடுத்தவள் அப்படியே சாய்ந்தாள். பெட்டி நிறையத் தட்டுகளோடு அவன் திரும்பியபோது வாசலில் கூட்டம் நின்றது. ஆக, அவள் பேசிய கடைசிப் பேச்சு அவன் முதுகுக்குச் சொன்னதுதான். அதைக் கேட்ட ஒரே ஆள், பக்கத்து வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த அவள் தங்கை ரோசி. அப்போது குழாயடியில் நின்றாள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் உலக வழக்கப்படி சொன்னார்கள். வாய்கள் அசைந்தன, சத்தம் வரவில்லை. விமலாராணியோடு பட்டறையில் கோப்பைகளுக்கு வைக்கோல் சுற்றும் கொளஞ்சியம்மாள் வந்து, இப்படிப் பண்ணிட்டியே தாயி என்றாள். அதையேதான் முந்தின நாள் ஏழெட்டுப் பேர் சொல்லியிருந்தார்கள். ஆனால் கொளஞ்சியம்மாள் சொன்னது கேட்டது. ஏன் என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து ரோசி அவனிடம் வந்து, அக்கா கடைசியாகச் சொன்னதைச் சொன்னாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். துணி அசைந்தது தெரிந்தது. அக்காவின் பேச்சைத் தங்கை திருப்பிச் சொன்னால் அது மறு அச்சு. அவனுக்குக் கேட்கவில்லை. அடுத்தடுத்த கல்லறைத் திருநாள்களிலும் சொன்னாள். அவன் மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பஸ் ஸ்டாண்டு அருகே பீங்கான் கடையும் மைக் செட்டும் வைத்திருந்த பரக்கத்துல்லா, காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளும்படி யோசனை சொன்னார்.

"லேபிளை யாரு வேணா ஒட்டலாம் பாய்," என்றான் ஸ்தனிஸ்லாஸ். "எனக்குக் கேக்கணும்."

ரோசிக்குக் கோபம் வந்தது. "செவுடு பாத்துருக்கேன் மாமா. பொறுக்கிப் பொறுக்கிக் கேக்கற செவுட்ட இப்பத்தான் பாக்கறேன்." இதை அதுவரை உலகத்தில் யாரும் சொன்னதில்லை போலும். தெளிவாகக் கேட்டது.

தொழில் வளர்ந்தது. நாகூரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தட்டுகள் வந்தன. குவைத்திலிருந்த தம்பி அப்துல் குத்தூஸ் மூலம் பரக்கத்துல்லா அங்கிருந்தும் வரவழைத்தார். மற்ற வியாபாரிகள் லேபிளின் நிறத்தையும், நடுவிலுள்ள வழவழப்பான வளையத்தில் கீறியிருக்கும் எண்ணையும் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஸ்தனிஸ்லாஸ் முள்ளை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். 1967இல் பரக்கத்துல்லா ஒரே பாடகி பாடிய ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளைக் கொண்டுவந்தார். எண் ஒன்றேதான், லேபிளும் ஒன்றேதான், ஆனால் பத்து வருட இடைவெளியில் வந்தவை. ஸ்தனிஸ்லாசுக்கு இரண்டும் கேட்டன.

"காது கெட்டுப்போச்சா தம்பி? அதே பாட்டுதான இது?"

"பாட்டு அதேதான் பாய். ஆனா அந்தம்மா மறுபடியும் நெஜமாவே பாடியிருக்காங்க. இதுவும் மொத அச்சுதான்."

இருவரும் டீ குடிக்கப் போனார்கள். அந்தப் பேச்சைத் தட்டுகளுக்கு அப்பால் நீட்டிப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை.

ஊர் அவன் காதுக்குப் பழகிக்கொண்டது. அவனிடம் காரியம் ஆகவேண்டியவர்கள், யாரும் சொல்லாத விதமாகச் சொல்லக் கற்றார்கள். காய்கறிக் கூடைக்காரி அமிர்தம் தன் சரக்கை மாமியார் கண்ணில் படாத கத்தரிக்காய் என்றாள். அவன் இரண்டு கிலோ வாங்கினான். மறுநாளும் அதையே கூவினாள். அவன் கூடையைத் தாண்டிப் போய்விட்டான். தேர்தல் கூட்டங்களில் அவன் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தால், எந்தக் கட்சிப் பேச்சாளராக இருந்தாலும் துண்டை எடுத்து முகம் துடைத்தார். பங்குச் சாமியார் ஞாயிறுதோறும் அவனுடைய மரத்த முகத்தைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்து, பழைய பிரசங்கக் கட்டுகளை அடுப்பில் போட்டுவிட்டுத் தானே யோசித்துப் பேசத் தொடங்கினார். கோயிலில் கூட்டம் சேர்ந்தது. இந்துக்களும் வந்தார்கள்.

1971 சித்திரையில் சென்னையிலிருந்து ராஜாங்கம் என்பவர் சகாக்களோடு காரில் வந்து இறங்கினார். பீரோ பீரோவாக இசைத்தட்டு சேர்த்தவர். சொற்பத் தட்டுகள் அடித்ததும் அச்சு உடைந்து, பிறகு வேறு அச்சில் அடித்ததாகச் சொல்லப்பட்ட ஒரு வீணைத் தட்டின் முதல் அச்சு தன்னிடம் இருக்கிறது என்பதுதான் அவருடைய பெருமை. சகாக்கள் நம்பவில்லை. தீர்ப்புக்கு இங்கே வந்திருந்தார்கள். பரக்கத்துல்லா கடை வாசலில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டினார். ஸ்தனிஸ்லாஸ் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். சகாக்கள் கொண்டுவந்திருந்த தட்டுகளுக்குச் சிலமுறை தூக்கினான், சிலமுறை தூக்கவில்லை. கடைசியில் ராஜாங்கத்தின் தட்டு ஓடியது. கடைவீதி முழுக்க வீணை நிறைந்தது. டீக்கடையில் தம்ளர்கள் அந்தரத்தில் நின்றன. வாசிப்பு முடிந்து முள் தானாக விலகிய பிறகு ஸ்தனிஸ்லாஸ் சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"போட்டுட்டீங்களா?"

கடைவீதி சிரித்து அடங்க நேரமாயிற்று. ராஜாங்கம் முகம் சிவந்து லேபிளைக் காட்டினார், எண்ணைக் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தன. பரக்கத்துல்லா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வெந்நீரில் நனைத்த துணியை லேபிளின் மேல் கொஞ்ச நேரம் வைத்து ஓரத்தை நகத்தால் கிளப்பினார். லேபிள் உரிந்தது. அடியில் இன்னொரு லேபிள், வேறு நிறம், பிந்தைய வருடம். ராஜாங்கம் அங்கிருந்த பீங்கான் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"இதை சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சு விளக்கேத்தினேனே ஐயா," என்றார்.

இது ஸ்தனிஸ்லாசுக்குக் கேட்டது. எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ராஜாங்கம் பெருந்தன்மையானவர். தன் பீரோக்களை மட்டுமல்ல, சென்னையிலுள்ள எல்லாருடைய பீரோக்களையும் அவனே வந்து தரம் பிரிக்க வேண்டும் என்று அங்கேயே கேட்டுக்கொண்டார். விருத்தாசலம் அன்று வெடி வெடித்தது. மாலை போட்டு, கைவண்டியில் ஏற்றி, ஒலிபெருக்கி முழங்க அவனை நான்கு வீதியும் சுற்றிக் கொண்டுவந்தார்கள். ஊரே அவனை வாழ்த்தியது. வாழ்த்துகள் எல்லாம் மறு அச்சு. அவன் வாய்களைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தான்.

சென்னைக்குப் புறப்படும் காலை, ஐந்தரைக்கு எழுந்தான். தண்ணீர் பிடித்தான், காப்பி கலந்தான், மூடி வைத்தான். பூதக்கண்ணாடி கேட்பார்களோ என்று அதைத் தேடியதில் நேரமாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் மேளம் வைத்து ஊர் காத்திருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, படலைச் சாத்தாமல் ஓடினான். குழாயடியில் ரோசி குடத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து பார்த்தால் மணிமுத்தாற்றுப் பாலம் தெரியும். பாலத்தில் பஸ் இல்லை. அவன் வீட்டுப் படியில் காப்பி மூடியபடி இருந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு அக்கா ஞாபகம் இல்லை, ஏழு வருடமாகச் சொல்லித் தோற்றதும் ஞாபகம் இல்லை. வெறும் வயிற்றோடு ஓடுகிற மனிதன்மேல் எரிச்சல் மட்டும் இருந்தது. கத்தினாள்.

அவன் நின்றான். பெட்டியைக் கீழே வைத்தான்.

ரோசி தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டு அசையாமல் நின்றாள். குடம் நிறைந்து வழிந்தது. "கேட்டுச்சா மாமா?" என்றாள். "கேட்டுது," என்றான். "அதேதான் மாமா. ஒரு வார்த்தை மாறல." அதுவும் கேட்டது.

அவன் திரும்பி வந்து படியில் உட்கார்ந்து காப்பியை முழுக்கக் குடித்தான். அதன் பிறகுதான் பாலத்தில் பஸ் வந்தது. மேளதாளத்தோடு ஏறினான். சென்னையில் பீரோக்களில் பாதியை ஊமை என்று ஒதுக்கினான். எதிர்த்துப் பேச ஆளில்லை. அவன் காது கடைசிவரை அப்படியேதான் இருந்தது. ஊரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. விமலாராணி கடைசியாகச் சொன்னது இது:

"ஓடாதீங்க. பஸ்ஸு இன்னும் பாலத்துக்கே வரல. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க."