ஏழு காலி நாற்காலிகள்

பெருந்தொற்றின் ஒட்டுமொத்த வலியையும் இசைக்குழுவுக்காக நாற்பத்திரண்டு நிமிட இசையாக எழுதி முடித்திருந்தார் இசையமைப்பாளர். ஊரடங்கு முழுவதும் தோட்டமும் நீச்சல் குளமும் உள்ள வீட்டில் அடைபட்டுக் கிடந்து தான் பட்ட துன்பம் அது என்று பேட்டிக்குப் பேட்டி சொன்னார். கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

துயரம் பால்கனி வரை தெரிய வேண்டும் என்பதற்காக மேடையில் ஏழு காலி நாற்காலிகளைப் போடச் சொன்னார். ஒவ்வொன்றின் மேலும் ஒரு விளக்கு. குழுவில் நோயில் போய்ச் சேர்ந்தவர்கள் இரண்டு பேர்தான் என்று மேலாளர் மெல்ல எடுத்துச் சொன்னார். இரண்டு போட்டால் மேடை நிறையாது என்று இசையமைப்பாளர் முகத்தைச் சுளித்தார். சாவிலும் பற்றாக்குறையா என்ற சலிப்பு அவருக்கு.

அந்த ஏழில் ஒன்று, வயலினைவிடச் சற்றே பெரிய வயோலாவை வாசிக்கிறவளின் பக்கத்தில் இருந்தது. அது நிஜமாகவே காலியானது. அவளுடைய நாத்தனார் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்த இடம். வயோலாவில் இரண்டு பேருக்கு ஒரு இசைக்குறிப்புத் தாங்கி. சபையிலிருந்து தள்ளி உள்பக்கம் இருப்பவர்தான் வாசிப்பை நிறுத்திவிட்டு இருவருக்குமாகப் பக்கம் திருப்ப வேண்டும். நாத்தனார் திருப்புவாள், ஆனால் பக்கம் முடிய இன்னும் ஒரு வரி இருக்கும்போதே திருப்பிவிடுவாள். அந்தக் கடைசி வரியை இவள் மனப்பாடமாக வாசித்தாக வேண்டும். "அவசரக் குடுக்கை" என்று மேடையிலேயே பல்லைக் கடிப்பாள். வீட்டுக்குப் போய்க் கணவனிடம், உங்க தங்கச்சிக்கு எந்த ரயிலைப் பிடிக்கணுமாம் என்று கேட்பாள். அவர் யார் பக்கமும் பேசாமல் பேப்பரைப் படிப்பார். பிழைக்கத் தெரிந்தவர்.

இப்போது மூன்றாம் பகுதியில் இவளுக்குத் தனி வாசிப்பு. வாழ்க்கையில் முதல் முறை. வயோலாவுக்கென்று யார் தனியாக எழுதுகிறார்கள்? ஒத்திகையில் கடைசி வரி நெருங்கியதும் இவள் கண் நிமிர்ந்து, ஒரு கை வரும் என்று காத்திருந்தது. கை வரவில்லை. வாசிப்பு நின்றது. மூன்று நாளும் அதே இடத்தில் அதே கதைதான். தானே திருப்பிக்கொள்ளலாம் என்பது இவளுக்குத் தெரியாதா என்ன? கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

பக்கம் திருப்ப ஒருவரை உட்கார வைக்கும்படி கேட்டாள்.

"அந்த நாற்காலி காலியா இருக்கிறதுதாம்மா கருத்தே," என்றார் இசையமைப்பாளர். முதல் நாள் நிகழ்ச்சியில் தடுமாறினால், மறுநாள் தனி வாசிப்பு பின்வரிசைக்குப் போய்விடும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

முதல் நாள் அரங்கம் நிறைந்திருந்தது. விளக்குகள் ஏழும் எரிந்ததும் முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. போய்ச் சேர்ந்தவளின் இடத்துக்கு, கடைக் கண்ணாடிக்குப் போடுவதுபோல வெளிச்சம் போட்டிருந்ததைப் பார்க்க இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நகர்ந்து அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். குழு நடத்துநர் திருதிருவென்று விழித்தார். ஆனால் தூக்கிய குச்சியை என்ன செய்வது, இறக்கித்தான் ஆக வேண்டும்.

தனி வாசிப்பு வந்தது. கடைசி வரிக்கு முன்னால், வில்லை எடுக்கிற அளவுக்கு ஒரு சின்ன ஓய்வு. உட்கார்ந்த இடத்தின் பழக்கமோ என்னவோ, கை தானாகப் போய்ப் பக்கத்தைத் திருப்பியது. மிச்ச வரியை மனப்பாடமாக வாசித்தாள். அதற்குத்தான் பத்தொன்பது வருஷப் பயிற்சி இருந்ததே. ஒரு சுரமும் விடுபடவில்லை. அப்போதுதான் புரிந்தது. பக்கம் முடியும் இடத்தில் திருப்பினால் திருப்புகிறவளுக்கு வாசிப்பு போய்விடும். ஓய்வு வரும் இடமாகப் பார்த்துத் திருப்பினால் போகாது. நாத்தனார் எந்த ரயிலையும் பிடிக்க ஓடவில்லை. அவளுக்கும் வாசிக்க ஆசை, அவ்வளவுதான். இவளுக்கு அழுகை பொங்கியது. மேடையில் ஒருத்தி அழுவது நிகழ்ச்சிக்குப் பொருத்தமாகவே இருந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் இசையமைப்பாளர் நேராக இவளிடம் வந்தார். ஏழு ஆறாகிவிட்டது, பால்கனியிலிருந்து பார்த்தால் இடதுபக்கம் துயரமே இல்லை என்று கடிந்துகொண்டார்.

"ஒரு சுரம்கூட விட்டுடக் கூடாதுன்னுதான் அவ முன்னாடியே திருப்பியிருக்கா, சார். அது தெரியாம நான் திட்டிக்கிட்டே இருந்தேன்," என்றாள் இவள்.

"யாரு?" என்று கேட்டார் இசையமைப்பாளர்.