துவாலை கேட்ட சம்பந்தி

சலவைக்கடைக்காரிக்கு இரண்டு விஷயங்களில் அசைக்க முடியாத நம்பிக்கை. எப்பேர்ப்பட்ட கறையும் போயே தீரும் என்பது ஒன்று. துவைப்பதால்தான் அதற்குத் துவாலை என்று பெயர் வந்தது என்பது இன்னொன்று. முதலாவதை அவளுடைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். இரண்டாவதை அவளுடைய சொந்த அண்ணனே ஒப்புக்கொள்ளவில்லை.

அண்ணன் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வுபெற்றவர். சாப்பிடும்போதுகூட அடுத்தவர் பேச்சில் ஒற்று விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற ரகம். துவாலை கப்பலேறி வந்த சொல், போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது என்பது அவர் கட்சி. நீங்கள் அந்தக் கப்பலில் ஏறிப் பார்த்தீர்களா என்று தங்கை கேட்பாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள அந்த வீட்டில் இந்தச் சண்டைதான்.

அப்படியிருக்க, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற அவளுடைய மகள் ஒரு நாள் வந்து நின்றாள். தான் ஒருவனை விரும்புவதாகவும், அவன் கப்பலில் எஞ்சின் பார்ப்பவன் என்றும், அவன் வீட்டில் பேசுவது போர்ச்சுக்கீசியம் என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அண்ணன் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கப்பல் வந்துடுச்சு பாத்தியா" என்றார்.

பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காதலியிடம் தமிழ் கற்றுக்கொண்டவன், பூனையைக்கூட 'வாங்க' என்றுதான் கூப்பிட்டான். அவனுடைய அம்மாவை நினைத்துத்தான் சலவைக்கடைக்காரி பயந்தாள். பெரிய ஹோட்டலில் விருந்து மேசைகளை அலங்கரிக்கும் பிரிவுக்குத் தலைவி. விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாளாம். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாதாம்.

அந்த அம்மா வருகிற ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. பச்சைப் பட்டு கவுன், காதில் முத்து, வாசலை அடைத்துக்கொண்டு ஒரு சிரிப்பு. நேரே விமானத்திலிருந்து இறங்கி வந்திருந்தாள். அவளை உட்காரவைத்த கையோடு, வழக்கமான ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்காகப் பஸ் நிலையத்தில் வந்து நிற்கும் அண்ணனை அழைத்துவர மகள் கிளம்பினாள். ஓட்டுவதற்கு அவள் போதும். ஆனால் கால் மணி நேரம்கூட அவளைப் பிரிந்திருக்கப் பையனால் முடியாதே, அவனும் போனான். போன கார் பாதி வழியில் மூச்சை விட்டது.

வீட்டில் இரண்டு அம்மாக்கள். பேச ஒரு பாஷை இல்லை. கன்னம் வலிக்கும்வரை ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார்கள். அதற்கும் தெம்பு தீர்ந்தபோது, விருந்தாளி சாப்பாட்டு மேசையைப் பார்த்தாள். வெறும் பலகை மேல் தட்டுகள். இரண்டு கையையும் காற்றில் நீவிக் காட்டிக் கேட்டாள்.

"துவால்யா?"

சலவைக்கடைக்காரிக்குப் புல்லரித்தது. தமிழ் தெரியாது என்றார்களே! அத்தனை தூரம் பிரயாணம் செய்து வந்தவளைக் குளிக்கிறீர்களா என்று கேட்கத் தோன்றவில்லையே தனக்கு. உள்ளே ஓடி, கடையின் பேர் சொல்கிற மாதிரி வெளுத்த இரண்டு பெரிய துவாலைகளை எடுத்துவந்தாள். விருந்தாளியின் கையைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போனாள். வெந்நீரைத் திறந்துவிட்டாள், புது சோப்பை உறை பிரித்துக் கொடுத்தாள், கதவைச் சாத்தினாள்.

இந்த வீட்டில் குளித்தால்தான் சோறு போலிருக்கிறது, மகன் இதைச் சொல்லவே இல்லையே என்று விருந்தாளி உள்ளே திகைத்து நின்றதெல்லாம் பிறகு மகன் சொல்லித்தான் தெரிந்தது. ஆனால் சம்பந்தம் பேச வந்தவள் முரண்டு பிடிக்கலாமா? முத்துகளைக் கழற்றி வைத்துவிட்டு நன்றாகவே குளித்தாள்.

பட்டு கவுனும் தலையில் துவாலை முண்டாசுமாக வெளியே வந்தவள், நனையாமல் வைத்திருந்த இன்னொரு துவாலையைச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். நான்கு மூலையும் இழுத்துச் சரிபார்த்தாள். தட்டுகளைத் திரும்ப அடுக்கினாள்.

சலவைக்கடைக்காரி கன்னத்தில் கை வைத்தாள். உடம்பு துடைக்கிற துணியிலா சோறு?

அவள் முகம் போன போக்கைப் பார்த்த விருந்தாளி, மேசை விரிப்பைத் தட்டி "துவால்யா" என்றாள். தலை முண்டாசைத் தட்டி, அதற்கும் "துவால்யா" என்றாள். அப்போதுதான் விளங்கியது. உடம்பைத் துடைத்தாலும் மேசைக்குப் போர்த்தினாலும் அவர்களுக்கு ஒரே பெயர்தான். இவள் கேட்டது குளிக்க அல்ல, விரிக்க!

சிரிப்பு முட்டிக்கொண்டு வர, எதையாவது சொல்ல வேண்டுமே என்று சலவைக்கடைக்காரி பலகையைத் தட்டி "மேஜை" என்றாள்.

"மேஜா" என்றாள் விருந்தாளி.

இருவரும் ஒருவரை ஒருவர் திருட்டில் பிடிபட்டவர்கள்போலப் பார்த்தார்கள். அப்புறம் அடுத்த சொல்லைத் தேடி யார் முதலில் ஓடினார்கள் என்று தெரியாது. ஜன்னலுக்கு ஜனேலா. சாவிக்கு ஷாவி. சட்டையில் பொத்தானைத் திருகிக் காட்டினால் பொத்தாவ். அலமாரி அர்மாரியு ஆனதும் அதிலிருந்த துணியெல்லாம் தரைக்கு வந்தது. சால்வையை உயர்த்த, ஷைலி என்று பதில் வந்தது. பாதி மார்க் கொடுக்கலாம் என்று இருவரும் சைகையிலேயே முடிவு செய்தார்கள். பாவாடை தேறவில்லை. அதற்கு விருந்தாளி துக்கம் விசாரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்துச் சலவைக்கடைக்காரி துணிக் குவியலிலேயே சாய்ந்துவிட்டாள்.

மெக்கானிக்கின் தயவில் மூவரும் வந்துசேர்ந்து கதவைத் திறந்தபோது, வீடு திருடன் புகுந்த வீடாகக் கிடந்தது. நடுவில் இரண்டு அம்மாக்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. கதையைக் கேட்ட அண்ணனுக்கோ தலைகால் புரியவில்லை.

"நான் என்ன சொன்னேன்? அவங்க வாயாலயே வந்துடுச்சா இல்லையா?"

சலவைக்கடைக்காரிக்குச் சிரிப்பு அடங்கியது. ஆயுசு முழுக்கப் பிடித்துவைத்த கட்சி, பத்து விரலுக்கு நடுவே தண்ணீராக ஒழுகியது. ஆனாலும் விட மனசில்லை.

"சரி தம்பி, துவாலை உங்ககிட்டேருந்து எங்களுக்கு வந்துச்சு. உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

பையன் கைப்பேசியில் அகராதியைத் தேடினான். "எங்களோடதும் இல்ல அத்தை. வடக்கே, பழைய ஜெர்மானிய பாஷையிலேருந்து வந்திருக்கு. அர்த்தம் வந்து…" என்று கொஞ்சம் தயங்கினான். "கழுவறது."

"துவைக்கிறதுன்னு சொல்லலாமா?"

"தாராளமா சொல்லலாம்ங்க."

அவள் எழுந்து நின்றாள். நின்றாளா, மிதந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அண்ணன் பதறினார். "தற்செயல். வெறும் தற்செயல். அந்தச் சொல்லுக்கும் நம்ம 'துவை'ங்கற சொல்லுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

"ஒட்டும் உறவும் இன்னிக்குச் சாப்பாட்டுக்குள்ள ஆயிடும் அண்ணா" என்றாள் தங்கை. மகன் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் விருந்தாளி எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பிழை திருத்துபவர் திருத்த ஒன்றும் கிடைக்காமல் கையலம்பப் போனார்.

சாப்பாடு துவாலை மேல்தான் நடந்தது. சம்மதம் கேட்க வேண்டும் என்று மகளும் பையனும் ஒரு வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சுக்கு வேலையே வரவில்லை. தேதி குறித்தாயிற்று, சாப்பிட்டு எழுந்ததும் காலண்டரில் விரல் வைத்தே.

சம்பந்தியம்மா ஊருக்குப் போவதைத் தள்ளிப்போட்டாள். மறுநாள் அவளைத் தேடிச் சலவைக்கடைக்கு வந்த மகளும் பையனும் கல்லாவில் அண்ணன் மட்டும் உட்கார்ந்திருப்பதைக் கண்டார்கள். இரண்டு அம்மாக்களும் கல்யாண மண்டபம் பார்க்கப் போயிருந்தார்கள்.

"நாங்க இல்லாம எப்படிப் பேசிப்பாங்க?" என்றாள் மகள்.

அதைத்தான் தானும் கேட்டதாகவும், வாயை மூடச் சொல்லி இரண்டு பாஷையிலும் பதில் வந்ததாகவும் மாமா சொன்னார்.