உள்ளே போனவர் திரும்ப முடியாத மண்டபம்

1.
வேலையில்லாமல் அண்ணன் வீட்டில் தங்கித் தின்பவனுக்கு, அந்த வீட்டுக் கவலைதான் கதைக்கரு. அண்ணி கட்டடக் கலைஞர். உலகக் கண்காட்சிக்காக அவர் கட்டிய முதல் மண்டபம், கண்காட்சி முடிந்ததும் சும்மா நின்றது. இடிப்பதா, வேறெதற்காவது வைத்துக்கொள்வதா என்று மறுநாள் குழு வந்து பார்த்துச் சொல்வதாக இருந்தது.

2.
'மாநகரின் விளிம்பில், நதியைப் பார்த்தபடி, ஒரு கனவைப் போல அந்த மண்டபம்...'

(நதி கிடையாது. பேருந்துப் பணிமனைதான். ஆனாலும் எழுதிய வரியை அடிக்க மனம் வரவில்லை, பக்கம் குறைகிறது.)

3.
சிக்கல் இதுதான். கூட்டம் முட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே ஒரே பாதை. முன்வாசலில் நுழைந்தால் வளைந்து வளைந்து பின்வாசலில்தான் வெளியே வரலாம். அதற்குப் பரிசுகூடக் கொடுத்தார்கள்.

"குடியிருப்பா மாத்திடலாமே அண்ணி?"

"மாத்தலாம்டா. நீ குளிக்கணும்னா நாலு வீட்டுப் படுக்கையறைய தாண்டிப் போவியா?"

"நூலகம்?"

"குடைய மறந்து வெச்சுட்டா மறுபடி முதல் அலமாரிலேர்ந்து ஆரம்பிக்கணும்."

"நடுவுல ஒரு கதவு?"

"கூரையே அந்தச் சுவர் மேலதான் நிக்குது."

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "அரசாங்க அலுவலகமா ஆக்கிடு. உள்ள போனவன் எப்படியும் சுத்திக்கிட்டுதானே இருப்பான்?"

அண்ணி சிரிக்கவில்லை. "இடிக்கறதுன்னு முடிவானா, நானும் போய் நின்னு பாக்கணுமாம்."

4.
(இந்த இடத்தில் அண்ணி அழுததாக எழுதினேன். படித்துவிட்டு, "எப்படா அழுதேன்? என்னை ஏன் சீரியல் மருமகளாக்கற?" என்றார். அந்த வரியை அடித்துவிட்டேன்.*)

* அன்று பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவப்பட்டன. இந்த அடிக்குறிப்பை அவரிடம் காட்டவில்லை.

5.
முடிவு அ: குழு மெய்மறந்து மண்டபத்தை வாழவைக்கிறது. எழுதும் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

முடிவு ஆ: இடிபாட்டிலிருந்து அண்ணி ஒரு செங்கல்லை எடுத்து வருகிறார். சிறுகதைப் போட்டிக்குக் கச்சிதம், அதனாலேயே வேண்டாம்.

6.
நடந்தது இவ்வளவுதான். குழு உள்ளே போனது. நானும் அண்ணியும் வெளிச்சுவரை ஒட்டி நடந்தோம். முதல் திருப்பத்திலேயே ஒரு குரல், "திரும்பிடலாமா?" என்றது. "வழியில்லைங்க, முன்னாலதான்" என்றார் கூடப் போன காவலாளி. மூன்றாவது திருப்பத்தில், மேலிருந்து வெளிச்சம் விழும் இடத்தில், பேச்சு மொத்தமாக நின்றது. வியப்பா, மூச்சிரைப்பா என்று வெளியிலிருந்து சொல்ல முடியவில்லை.

அண்ணி பின்வாசலுக்கு ஓடினார்.

நான் முடிவு சொன்னால், தின்ற சோற்றுக்குச் சொல்கிறான் என்பீர்கள். நீங்களும் இவ்வளவு தூரம் உள்ளே வந்தாயிற்று. பின்வாசல் கதவைத் தள்ளுங்கள். அண்ணி எதுவும் கேட்க மாட்டார், உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்.

முகத்தைக் கொஞ்சம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.