விக்னராஜா அசைந்தாரா?

1

இந்தக் கதை ஒரு பீலாவில் பிறந்தது. ஆஸ்திரேலியத் தமிழர் வாழ்க்கையைப் பற்றி உருக்கமாக ஒரு கதை அனுப்புகிறேன் என்று, சென்னையில் பத்திரிகை நடத்தும் சிநேகிதன் ஒருவனிடம் அளந்துவிட்டேன். உட்கார்ந்து தொடங்கியும் விட்டேன்:

‘மெல்பர்னின் குளிர்காற்று விக்னராஜாவின் தனிமையை ஒரு கம்பளிபோல —’

கம்பளி போர்த்தினால் குளிராதே ஐயா! அடித்துவிட்டு மறுபடி:

‘1976. கிரான்பர்ன். மாடுகள் மேய்ந்துகொண்டிருந்த —’

மாடுகள் நிஜம். மைதானத்தின் வேலிக்கு அந்தப் பக்கம் அவை நின்றன, இந்தப் பக்கம் நாங்கள். கூட்டம் அந்தப் பக்கம்தான் அதிகம். ஆனாலும் மாட்டில் தொடங்கினால் நீங்கள் வேறு மாதிரிக் கதையை எதிர்பார்ப்பீர்கள். அதனால் உடைத்தே சொல்லிவிடுகிறேன். இது பேஸ்பால் கதை. ஓடாதீர்கள்! எனக்கே பாதி விதிகள்தான் தெரியும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறேன்.

2

சண்டை இரத்தினசிங்கத்தோடு. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கு வாத்தியார். நான் கல்யாணசுந்தரம், சென்னைக்காரன், மருந்துக் கம்பெனியில் வேலை. ஞாயிறுதோறும் மடக்கு நாற்காலிகளோடு மைதானத்துக்குப் போய்விடுவோம். எங்கள் நண்பர் விக்னராஜா உள்ளூர் அணியில் ஆடுகிறார் என்பது வெளியே சொல்லும் காரணம். (உள்ளே இருக்கும் காரணம், அவர் மனைவி சந்திரகலா கொண்டுவரும் தேங்காய்ச் சம்பல் சாண்ட்விச். பத்திரிகைக்கு அனுப்பும்போது இதை எடுத்துவிட வேண்டும்.)

அன்றைக்கு அரையிறுதி. எதிரணியில் பந்து வீசுகிறவன் நம் ஆளின் தோளைப் பதம் பார்த்துவிட்டான். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

“வேணும்னே அடிச்சான் சார்! மூஞ்சியப் பாருங்க, சிரிக்கிறான்!”

“அவன்ரை முகமே அப்பிடித்தான், கல்யாணம். பந்து வழுக்கிப்போட்டுது. நீர் சும்மா கத்தாதையும்.”

“வழுக்கிச்சாம்! கரெக்டா தோளைத் தேடிக்கிட்டு வழுக்குமா?”

“எங்கட பிரச்சினை அவன்ரை பந்தில்லை ஐசே. எங்கட இன்ஃபீல்ட். ஓட்டைச் சட்டி.”

இன்ஃபீல்ட் என்றால் பேஸ்களை ஒட்டி நின்று காவல் காக்கிறவர்கள். அந்தச் சட்டியின் பெரிய ஓட்டை விக்னராஜா. அவர் மனைவி எங்கள் இருவருக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தாள். சாண்ட்விச் பெட்டியை இரத்தினசிங்கத்தின் மடியிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தாள்.

3

(இது கட்டுரைப் பகுதி. பொறுமையில்லாதவர்கள் தாண்டலாம். தாண்டினால் பின்னால் புரியாது, அது உங்கள் பாடு.)

விக்னராஜா ஊரில் கல்லூரிக் கிரிக்கெட் ஆடியவர். பந்தைப் பொறுக்கியதும் ஸ்டம்பை நோக்கி எறிந்து பழகிய கை அது. பேஸ்பாலில் ஸ்டம்ப் ஏது? தரையில் ஒரு பை கிடக்கும், அதுதான் பேஸ். ஓடிவருகிறவனுக்கு முன்னால் பந்து அங்கே போய்ச் சேர வேண்டும். பையை மிதித்துக்கொண்டு நிற்கும் நம் ஆள் அதைக் கையில் பிடிக்கவும் வேண்டும். விக்னராஜா பந்தைப் பாய்ந்து எடுப்பார், அபாரமாக எறிவார், பந்து நேராகப் பையில் ‘பொத்’ என்று விழும். உடனே இரண்டு கைகளையும் தூக்கி அம்பயரிடம் அப்பீல் செய்வார்! அதற்குள் ஓடிவந்தவன் அடுத்த பேஸையும் தாண்டியிருப்பான். இத்தனை குறிதவறாமல் தப்புச் செய்கிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அரையிறுதியிலும் அதைச் செய்தார். எதிரணி ஓட்டங்களைச் சமன் செய்துவிட்டது. கோச் அவரைக் கூப்பிட்டு, “இன்று தோற்றால் அது உன்னால்தான். அடுத்த வருஷம் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம்” என்று சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது.

சந்திரகலா பெட்டியை மூடினாள். “இவருக்கு இஞ்ச ஆக்களோட சிரிச்சுக் கதைக்கிறது ஞாயிற்றுக்கிழமையில மட்டும்தான் அண்ணை. மற்ற நாளெல்லாம் வேலையில தண்ணிக் குழாயளோட மாரடிக்கிறார். இதுவும் இல்லையெண்டால் வீட்டை வந்து சுவரைப் பாத்துக்கொண்டு இருப்பார்.”

[இங்கே ஒரு ஜோக் இருந்தது. எடுத்துவிட்டேன். அவள் சொன்னதற்குப் பிறகு அது எடுபடவில்லை.]

4

கடைசி முறை, மட்டை எங்கள் அணியின் கையில். இரண்டு பேர் அவுட், இன்னொருவர் போனால் எங்கள் முறை முடிந்தது. மூன்று பேஸிலும் நம் ஆட்கள் நிற்கிறார்கள். மட்டையோடு வருகிறவர் யார்? வேறு யாராவது என்றால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்!

விதி இதுதான். வீசிய பந்து ஆடுபவர்மேல் பட்டால் அவருக்கு முதல் பேஸ் இனாம். மூன்றும் நிறைந்திருப்பதால் எல்லோரும் ஒவ்வொன்றாக நகர, மூன்றாவது பேஸில் நிற்பவர் ‘வீடு’ (மட்டை பிடிக்கும் இடம்) வந்து சேருவார். ஒரு ஓட்டம், ஆட்டம் முடிந்தது. ஆனால் ஆடுபவர் விலகப் பார்த்திருக்க வேண்டும். வேண்டுமென்றே நின்று வாங்கிக்கொண்டால் இனாம் கிடையாது, மறுபடி மட்டை பிடிக்க வேண்டும்.

பந்து அவருடைய விலாவை நோக்கிப் பறந்து வந்தது. சந்திரகலா துள்ளி எழுந்தாள்.

“அசையாதேங்கோ! அப்பிடியே நில்லுங்கோ!”

தொப்!

மூன்றாவது ஆள் குதித்துக்கொண்டு ஓடிவந்தான். நான் ஆடினேன். நாற்காலி மடிந்து என் விரலைக் கடித்தது, அப்படியும் ஆடினேன். பருவம் முழுக்க எனக்கு மறுப்பே பேசிய இரத்தினசிங்கம் என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு காதருகே, “இப்பச் சொல்லும் கல்யாணம். ஆர் வேணுமெண்டு செய்தது?” என்றார்.

மூன்று பேஸும் நிறைந்திருக்கும்போது எவன் வேண்டுமென்றே அடித்து ஓட்டம் கொடுப்பான்?

பந்து வீசியவனும் அதையேதான் கத்தினான். அந்தப் பெண் ஏதோ சொன்னாள், இவன் மரம் மாதிரி நின்றான் என்றான். அம்பயர் கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினார். விக்னராஜாவிடம் கேட்டார். விக்னராஜா விலாவைத் தடவிக்கொண்டு விழித்தார். (ஆங்கிலம் நன்றாகவே வரும் மனிதருக்கு. பொய்தான் வராது.) அம்பயர் விறுவிறுவென்று வேலியை நோக்கி நடந்து வந்தார்: அந்த அம்மா என்ன சொன்னார்?

5

முடிவு, முதல் வடிவம். இரத்தினசிங்கம் உள்ளதை உள்ளபடி சொல்கிறார். விக்னராஜா மறுபடி மட்டையைப் பிடிக்கிறார். அவர் அடிக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும், கோச்சுக்குத் தெரியும், மாடுகளுக்கே தெரியும். இதைச் சந்திரகலாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர்கள் வீட்டில் எனக்கு மட்டும் தேத்தண்ணி (டீதான்) வரவில்லை.

இரண்டாவது வடிவம். “விலகுங்கோ எண்டு சொன்னவ” என்கிறார் இரத்தினசிங்கம். வெற்றி! இதை அவரிடமே காட்டினேன். “நான் அப்பிடிப் பொய் சொல்லுவனோ? என்னை இந்தக் கதையில இருந்து எடுத்துவிடும்!” என்று தாளை என் பக்கம் தள்ளினார். கோபம்தான். ஆனால் மனுஷர் சிரித்துக்கொண்டேதான் தள்ளினார். எடுத்துவிட்டேன். வேலியோரம் இப்போது அவர் இல்லை.

மூன்றாவது வடிவம். நானே எழுந்து, “அது யாழ்ப்பாணத் தமிழ் சார், மெட்ராஸ்காரன் எனக்குப் புரியாது” என்று நழுவுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த வடிவம் இது. ஆனால் அம்பயர் விடுகிற ஆளாகத் தெரியவில்லை, புரிந்தவர் வேறு யார் என்று கேட்கிறார்.

6

நிஜத்தில் என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

அம்பயர் வேலிக்கு வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைக்கிறார். சந்திரகலா இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கோச் பார்க்கிறார். இந்த மைதானத்தில் என்னைத் தவிர அவள் சொன்னது புரிந்த வெளியாள் நீங்கள்தான். புரியவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், இவ்வளவு தூரம் படித்துவிட்டு!

விக்னராஜா உங்களைத்தான் பார்க்கிறார்.

சொல்லுங்கள், அவள் என்ன சொன்னாள்?